கேக் பாக்கெட்டின் பின்புறம்: கணக்கேட்டைப் போலப் படிக்கும் முறை

இந்தியாவில் விற்கப்படும் பாக்கெட் உணவின் மேல் இருக்க வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியிலோ அச்சிட்டால் போதும்; வேறு மொழியைச் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லை என்பதோடு விதி நின்றுவிடுகிறது. ஆகவே காரைக்குடிக் கடைத்தெருவில் வாங்கும் துண்டு கேக்கின் முன்பக்கத்தில் தமிழ் பெரிய எழுத்தில் மின்னினாலும், உள்ளே என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி மட்டும் பின்பக்கத்து மடிப்பில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் கிடக்கும். எங்கள் பள்ளத்தூர் வீட்டில் அந்தப் பக்கத்தை நெடுநாள் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அதில் பாதி வெறும் எண்கள் என்பதும், மீதிப் பாதி ஏறத்தாழ முப்பது சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது என்பதும் தெரிந்தன. பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு எண்களைக் கண்டு தயங்க வேண்டிய தேவையில்லை. ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இதைப் படித்தால் இன்னும் எளிதாக விளங்கும்.

முதலில் முத்திரையைப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம்; பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டையும் அசைவக் கணக்கில்தான் வரும் என்பதால், முட்டை சேர்த்த கேக்கில் பழுப்பு முக்கோணமே இருக்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்கு வழிநெடுக பன்னும் பிஸ்கெட்டும் கேக்கும் கையில் கொடுப்பார்கள். விரதத்தில் இருப்பவர் பட்டியலைப் படிக்காவிட்டாலும் இந்த முத்திரையைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். சில சேர்மங்கள் விலங்கிலிருந்தும் வரும், செடியிலிருந்தும் வரும் என்பதால், அந்த ஐயத்தைத் தீர்ப்பதும் இந்த முத்திரைதான். சிவப்பு நிறத்துக்காகச் சேர்க்கப்படும் 120 என்ற எண், ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் கார்மைன் என்ற சாயம். அது இருந்தால் பச்சை வட்டம் இருக்கக் கூடாது.

பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சின்னஞ்சிறு கேக்குகளில் பட்டியலே இல்லையென்றால், அது ஏமாற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பாக்கெட்டுகளுக்கு மூலப்பொருள் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. அவற்றை அடக்கிவரும் பெரிய பெட்டியில் அந்த விவரம் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லலாம். நான் கேட்டபோது ஒருவர் சிரித்தார், ஆனால் காட்டினார்.

பட்டியலைப் படிப்பதற்கான முதல் விதி, அது எடை வரிசையில் எழுதப்பட்டிருக்கும் என்பது. தயாரிக்கும்போது எது அதிக எடையில் சேர்க்கப்பட்டதோ அது முதலில் வரும், குறைந்தது கடைசியில் வரும். நம் கடைத்தெருவில் கிடைக்கும் துண்டு கேக்கில் பெரும்பாலும் முதல் வரியில் சீனியும் மைதாவும் முன்பின்னாக நிற்கும். அடுத்துத் தாவர எண்ணெய், பெரும்பாலும் பாமாயில். பிறகு முட்டை அல்லது பால் பவுடர். அதன்பின் சர்க்கரைப் பாகுகள், ஈரம் காக்கும் பொருள், கலப்பான்கள், உப்பு, புளிப்பூட்டிகள், பதப்படுத்திகள், நிறம், மணம் என்று எண்களின் ஊர்வலம். மைதாவை ஆங்கிலத்தில் ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்’ என்று எழுதுவார்கள். ‘வீட் ஃப்ளவர்’ என்று மட்டும் கண்டு அதை முழுக் கோதுமை மாவு என்று எண்ணிவிட வேண்டாம். ‘ஆட்டா’ அல்லது ‘ஹோல் வீட்’ என்ற சொல் இருந்தால்தான் தவிடு நீக்காத மாவு.

எடை வரிசை நேர்மையான விதிதான் என்றாலும், அதற்குள் ஒரு சந்து இருக்கிறது. சீனி ஒரே பெயரில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுத்துக்காட்டாக, 100 கிராம் கலவையில் மைதா 30 கிராம், சீனி 22 கிராம், இன்வர்ட் சிரப் 6 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 5 கிராம் என்று போட்டால், பட்டியலில் மைதா முதலில் நிற்கும். சீனி இரண்டாவது, மற்ற இரண்டும் எங்கோ கீழே. மூன்றையும் கூட்டினால் 33. பாகுகளில் உள்ள நீரைக் கழித்தாலும் மைதாவுக்குக் குறையாது. ஒரே ஆள் மூன்று பெயரில் கடன் வாங்கினால் பேரேட்டில் மூன்று சிறு பற்றாகத்தான் தெரியும். கூட்டிப் பார்க்கிற கணக்குப்பிள்ளைக்குத்தான் அது பெரிய பற்று என்பது தெரியும். கூட்டிக்கொள்ள வேண்டிய பெயர்கள் இவை: சுகர், இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ் சிரப், கோல்டன் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம், கருப்பட்டி. மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காது, ஆனாலும் உடலுக்குள் விரைவில் குளுக்கோஸாக மாறிவிடும் மாவுப்பொருள் என்பதால் நான் அதையும் இந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். கருப்பட்டியைச் சேர்த்ததற்குச் சிலர் வருத்தப்படுவார்கள். அதன் மணமும் ருசியும் வேறு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான்.

இரண்டாவது விதியை நான் ‘உப்புக் கல்’ என்று சொல்வேன், வயலுக்கு எல்லைக் கல் இருப்பதைப் போல. இனிப்புக் கேக்கிலும் பிஸ்கெட்டிலும் உப்பு 100 கிராமுக்கு ஒரு கிராமைத் தாண்டுவது அரிது. எனவே பட்டியலில் உப்புக்குப் பின்னால் வரும் எதுவும் ஏறத்தாழ ஒரு கிராமுக்கும் கீழே. சத்து அட்டவணையில் சோடியம் 200 மில்லிகிராம் என்று இருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள். அதில் உள்ள உப்பு அரை கிராமுக்கு மேல் இருக்க முடியாது. சோடா மாவிலும் சோடியம் உண்டு என்பதால் உண்மையில் அதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். முன்பக்கத்தில் படம் போட்ட முந்திரி, நெய், தேன் இவையெல்லாம் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கின்றனவா, பின்னால் நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

சென்ற ஆண்டு ஒரு பலகாரக் கடையில் கவுனி அரிசிக் குக்கீ என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். விருந்துகளில் கவுனி அரிசி இனிப்பை வாழையிலையில் வைத்துப் பழகிய நமக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும், கை தானாக நீளும். பின்பக்கத்தில் மைதா 48 விழுக்காடு, கவுனி அரிசி மாவு 4 விழுக்காடு; கரிய நிறத்துக்குக் காரமல் என்ற 150-ஆம் எண். கவுனி இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் அதன் நிறத்தைக்கூட வேறொன்றுதான் கொடுத்தது. எந்தப் பொருளை முன்பக்கத்தில் தூக்கிக் காட்டுகிறார்களோ அதன் விழுக்காட்டைப் பட்டியலில் குறிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை நம்பி, கேழ்வரகு, தினை, ஓட்ஸ், ‘பட்டர்’, பாதாம் என்று எது எழுதியிருந்தாலும் முதலில் அடைப்புக்குறிக்குள் உள்ள விழுக்காட்டைத் தேடுங்கள்.

கொழுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அங்கே மாறுவேடங்கள் குறைவு. ‘எடிபிள் வெஜிடபிள் ஆயில்’ என்றால் அருகிலேயே எந்த எண்ணெய் என்றும் இருக்கும், பாம் அல்லது பாமோலின் என்பதே பெரும்பான்மை. ‘ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்’ என்பது வனஸ்பதி வகை. 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல், எண்ணெயோ கொழுப்போ சேர்த்துச் செய்யும் உணவுகளில், அந்தக் கொழுப்பின் எடையில் ஆலையில் உண்டாகும், இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வந்துவிட்டதால், பழைய அச்சத்தில் ஒரு பகுதி குறைந்திருக்கிறது. ‘டிரான்ஸ் ஃபேட் ஃப்ரீ’ என்றால் 100 கிராம் உணவில் 0.2 கிராமுக்கும் கீழே என்று பொருள், முழுச் சுழியம் அன்று. அதற்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது சாச்சுரேட்டட் ஃபேட், அதாவது நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியை. பாமாயில் கேக்கில் அது தாராளமாக இருக்கும். கிரீம் பிஸ்கெட்டின் நடுவே உள்ள கிரீமில் பாலாடை இருப்பது அரிது, சீனியைத் தாவரக் கொழுப்பில் குழைத்ததுதான் அது. ‘சாக்கோ’, ‘சாக்லேட்டி’ என்ற சொற்களும் அப்படியே: கோகோ வெண்ணெயின் இடத்தில் வேறு கொழுப்பு இருக்கும்போது அப்படிப்பட்ட நெளிவான பெயர் வரும்.

எண்கள் என்ன சொல்கின்றன

பட்டியலின் பிற்பகுதியில் வரும் எண்கள் ஐ.என்.எஸ். எண்கள், அதாவது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு உலகப் பொதுவாக இட்ட எண்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் குழு 1989-இல் வகுத்த வரிசை இது. ஐரோப்பியப் பாக்கெட்டில் முன்னால் ‘ஈ’ என்ற எழுத்து சேர்ந்திருக்கும். எண் பெரும்பாலும் அதுவே. தெரு எண்ணைப் போலத்தான்: 100-இல் தொடங்குபவை நிறங்கள், 200-இல் பதப்படுத்திகள், 300-இல் எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் காப்பவையும் புளிப்புகளும், 400-இல் கெட்டியாக்குபவையும் கலப்பான்களும் ஈரம் காப்பவையும், 500-இல் மாவைப் பொங்க வைப்பவை, 900-இல் செயற்கை இனிப்புகள் சில, 1000-க்கு மேல் நொதிகளும் மாற்றிய மாவுப்பொருள்களும்.

எண்ணைக் கண்டாலே நஞ்சு என்று சொல்லும் பேச்சை நான் ஏற்பதில்லை. 500(ii) என்பது நம் அடுக்களையில் இருக்கும் ஆப்பசோடா. 100(i) மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின். 330 எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். 260 வினிகரின் புளிப்பு. 300 வைட்டமின் சி. 440 கொய்யாவிலும் ஆரஞ்சுத் தோலிலும் உள்ள பெக்டின். 322 லெசித்தின், சோயாவில் இருந்து எடுப்பது. முட்டையின் மஞ்சள் கருவிலும் அதே பொருள் இயற்கையாகவே இருக்கிறது. இவற்றை அடித்துவிட்டு மீதியைப் பார்த்தால், கவனிக்க வேண்டியவை ஒரு கை விரல்களுக்குள் வந்துவிடும்.

அந்த மீதி ஏன் வருகிறது என்பது புரிய வேண்டுமென்றால் அதிரசத்தையும் கேக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சீர்ப் பலகாரமாகக் கொட்டானில் அடுக்கிப் போகும் அதிரசமும் மாவுருண்டையும் தேன்குழலும் எந்தப் பதப்படுத்தியும் இல்லாமல் பல நாள் நிற்கின்றன. தேன்குழலில் எண்ணெய்ச் சட்டி ஈரத்தை விரட்டிவிடுகிறது. மாவுருண்டையில் வறுத்த மாவும் நெய்யும் சீனியும்தான், தண்ணீரே விடுவதில்லை. அதிரசத்தில் ஈரம் இருந்தாலும் வெல்லப்பாகு அதைத் தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் பூஞ்சைக்குக் குடிக்க நீர் கிடைப்பதில்லை. பாகு பதம் தவறினால் அதிரசம் சீக்கிரம் பூத்துவிடும் என்று பெரியவர்கள் பயப்படுவதற்குக் காரணமும் அதுவே. கேக்கின் நிலை இதற்கு நேர்மாறு. அது மெத்தென்று இருக்க வேண்டுமென்றால் உள்ளே ஈரம் வேண்டும். பிஸ்கெட்டில் 100-க்கு 5 பங்குக்கும் கீழே உள்ள ஈரம், கேக்கில் பல மடங்கு. நம் வீட்டில் சுட்ட கேக் ஐப்பசி மழையில் மூன்றாம் நாள் பச்சை பூக்கும்போது, கடைக் கேக் மூன்று மாதம் மெத்தென்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பின் விலைதான் எண்கள்.

அதற்கு ஆலைக்காரர் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறார். முதலாவது, அதிரசப் பாகு செய்யும் அதே வேலை: 422 என்ற கிளிசரால், 420 என்ற சார்பிட்டால், இன்வர்ட் சிரப் ஆகியவற்றைச் சேர்த்து, ஈரம் வாயில் தெரியும்படியும் பூஞ்சைக்குக் கிடைக்காதபடியும் கட்டிவைப்பது. இரண்டாவது, 202 என்ற பொட்டாசியம் சார்பேட், பூஞ்சையை வளரவிடாமல் தடுப்பது. மூன்றாவது, 330 போன்ற ஒரு புளிப்பு. அது ருசிக்காக மட்டும் அன்று, புளிப்பு இருந்தால்தான் சார்பேட் நன்றாக வேலை செய்யும் என்பதற்காக. பன்னில் சார்பேட்டுக்குப் பதில் 282 என்ற கால்சியம் புரோபியோனேட் இருப்பதைக் காணலாம். பன் ஈஸ்டில் பொங்குவது, சார்பேட் ஈஸ்டையும் அடக்கிவிடும், புரோபியோனேட் அதை அவ்வளவாகத் தொடாது. அனுமதித்த அளவுக்குள் இவை எனக்கு அச்சம் தருவதில்லை. ஆனால் இந்த எண்கள் இருக்கும் கேக் நெடுநாளைக்கு முன்பே செய்யப்பட்டிருக்கலாம் என்ற குறிப்பாக இவற்றை எடுத்துக்கொண்டு, தேதியை இன்னொரு முறை பார்ப்பேன்.

471, 475, 477, 481 போன்ற கலப்பான்கள் எண்ணெயையும் நீரையும் சேர்த்து, காற்றைச் சிறு குமிழ்களாகப் பிடித்துவைப்பவை. வீட்டில் கேக் செய்து விற்பவர்கள் வாங்கும் ‘கேக் ஜெல்’ டப்பாவைத் திருப்பினால் இவற்றில் சிலவற்றைக் காணலாம். முட்டை சேர்க்காத கேக் பஞ்சுபோல் இருப்பதற்கும், நான்கு முட்டை வேண்டிய இடத்தில் இரண்டோடு ஆலை சமாளிப்பதற்கும் இவைதான் காரணம். ஒரே கேக்கில் நான்கைந்து கலப்பான்கள் வரிசையாக இருந்தால், முட்டையும் வெண்ணெயும் செய்திருக்க வேண்டிய வேலையை அவை செய்கின்றன என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான் உண்மையில் தள்ளிவைப்பது நிறங்களைத்தான், அதுவும் பிள்ளைகளுக்கு வாங்கும்போது. 102 டார்ட்ரசின் மஞ்சள், 110 சன்செட் எல்லோ, 122 கார்மோசின், 124 பான்சோ 4ஆர் ஆகிய நான்கும் இந்தியாவில் அளவோடு அனுமதிக்கப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தொடர்ந்து, இவற்றையும் வேறு இரண்டு நிறங்களையும் சேர்த்த உணவில் ‘பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்’ என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது. அந்த ஆய்வு காட்டிய விளைவு பெரிதன்று, எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்றுபோல் இருந்ததுமில்லை. ஆனால் நிறம் என்பது ருசிக்கோ சத்துக்கோ கெடாமல் இருப்பதற்கோ எந்த வகையிலும் பயன்படாத ஒன்று. அதை விடுவதால் நமக்கு இழப்பில்லை என்பதே என் வாதம். 160ஏ என்ற கரோட்டினும் 100-உம் மஞ்சள் நிறத்தை வேண்டிய அளவு தருகின்றன.

பழக் கேக்கில் உள்ள பழத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக மின்னும் டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக்காயைத் துண்டுபோட்டு வேகவைத்துச் சீனிப்பாகில் ஊறவைத்துச் சாயமேற்றியது. மேலே பதித்த செர்ரியும் பல நேரம் செர்ரியாக இராது. நம் பொட்டல் காட்டுப் புதர்களில் காய்க்கும் களாக்காயைக் கொட்டை நீக்கிப் பாகில் போட்டுச் சிவப்பேற்றியதாக இருக்கும். களாக்காய் ஊறுகாய் ருசித்தவர்களுக்கு அது தலைகுனிவான காய் அன்று என்பது தெரியும். சாயத்தைத்தான் நான் குறை சொல்கிறேன். பட்டியலிலேயே வராத நிறமும் ஒன்று உண்டு. துணிக்கும் தாளுக்கும் போடும் ரோடமின் பி என்ற சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனை தடை செய்யப்பட்டது. ஆகவே லேபிள் இல்லாத, கண்ணைப் பறிக்கும் ரோஜா நிற இனிப்பைவிட, 122 என்று ஒளிக்காமல் எழுதிய பாக்கெட்டே எனக்கு மேல்.

பிஸ்கெட்டின் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். ஈரம் இல்லாததால் பூஞ்சைத் தடுப்பு அங்கே தேவையில்லை. 503(ii) என்ற அம்மோனியம் பைகார்பனேட் இருக்கும். அடுப்புச் சூட்டில் அது முழுவதும் ஆவியாகிப் போய்விடும். மெல்லிய பிஸ்கெட்டிலிருந்து அந்த அம்மோனியா வெளியேறிவிடுகிறது. தடித்த கேக்கில் போட்டால் நடுவில் மாட்டிக்கொண்டு நெடி அடிக்கும் என்பதால் கேக்கில் போடுவதில்லை. 223 என்ற சோடியம் மெட்டாபைசல்ஃபைட், மாவின் இழுவையைத் தளர்த்தி உருட்டத் தோதாக்குவது. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையில்லை, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு சல்ஃபைட் மூச்சிரைப்பைத் தூண்டும். அதனால்தான் கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஒவ்வாமை வரியில் சொல்ல வேண்டும் என்று விதி. 319 என்பது டி.பி.எச்.க்யூ., எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் காப்பது. சித்திரை வெயிலில் கடை வாசலில் தொங்கிய பாக்கெட்டுக்கு அதுவும் முழுக் காவல் ஆகாது. பிரித்ததும் பழைய எண்ணெய் வாடை வந்தால், தேதி எதுவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

‘சுகர் ஃப்ரீ’ வாங்கும்போது

சீனி வியாதிக்காரர்கள் இல்லாத வளவு இப்போது அரிது. எங்கள் அப்பத்தாவுக்கென்று ஒருமுறை ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய குக்கீ பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். நீண்ட நாள் இனிப்பைத் தொடாதவர். மாலைக் காபியோடு முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டைச் சாப்பிட்டுவிட்டார். இரவு முழுவதும் வயிறு உப்புசம், பிறகு பேதி. ‘ஏன் ராசா, சீனி இல்லேன்னுதானே கொடுத்தே, பின்னே என்னத்தைப் போட்டான்?’ என்று காலையில் கேட்டபோதுதான் பெட்டியைத் திருப்பினேன். முதல் வரியில் மைதா, இரண்டாவது 965. அது மால்டிட்டால். இனிக்கும், ஆனால் குடல் அதை முழுவதும் உறிஞ்சாது. மிச்சம் பெருங்குடலில் நீரை இழுக்கும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கும். ‘பாலியால்ஸ் மே ஹேவ் லாக்சேட்டிவ் எஃபெக்ட்ஸ்’ (மால்டிட்டால் போன்ற பாலியால்கள் பேதியாக்கலாம்) என்ற எச்சரிக்கையும் அடியில் இருக்கத்தான் செய்தது, எறும்பு அளவு எழுத்தில். 420 சார்பிட்டாலும் இதே குடும்பம். இவற்றுக்குக் கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் உண்டு. இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும்.

‘சுகர் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லை என்று மட்டுமே பொருள். மைதா அப்படியே இருக்கிறது. அது செரிக்கும்போது குளுக்கோஸ்தான். ஆகவே சீனி வியாதிக்காரர் சத்து அட்டவணையில் பார்க்க வேண்டியது ‘டோட்டல் கார்போஹைட்ரேட்’ என்ற வரியை. ‘நோ ஆடட் சுகர்’ என்பது இன்னொரு சொல். பேரீச்சம்பழ விழுது போட்டு இயற்கைச் சர்க்கரை நிறைந்திருக்கும் பொருளிலும் அதைக் காணலாம். இப்போது அப்பத்தாவுக்கு இரண்டு சாதா பிஸ்கெட்டைக் கணக்காகக் கொடுக்கிறோம். அவருக்கு அதில் குறையும் இல்லை.

சத்து அட்டவணையைப் பார்ப்பதில் ஒரு கணக்கு மட்டும் தவறாமல் போடுங்கள். அதில் உள்ள எண்கள் பெரும்பாலும் 100 கிராமுக்கு. 200 கிராம் கேக் பாக்கெட்டில் ‘ஆடட் சுகர்’ 32 என்று இருந்தால், பாக்கெட் முழுவதற்கும் 64 கிராம். அதை ஐந்து துண்டாக வெட்டினால் துண்டுக்கு 12.8 கிராம், காபிக்குப் போடும் சிறு கரண்டியில் ஏறத்தாழ மூன்று. லேபிளில் உள்ள ‘ஆர்.டி.ஏ.’ (நாளொன்றுக்குப் பரிந்துரைத்த அளவு) விழுக்காடு, ஒரு நாளைக்கு 2000 கலோரி, சேர்த்த சர்க்கரை 50 கிராம், சாச்சுரேட்டட் கொழுப்பு 22 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்ற பெரியவர் கணக்கில் போடப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த விழுக்காடு பொருந்தாது. பிள்ளைக்கு அது இன்னும் கூடுதலாகத்தான் வரும். உலகச் சுகாதார அமைப்பு 2015-இல் சொன்னதும் இதையொட்டியதே: நாள் கலோரியில் சேர்த்த சர்க்கரை 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ‘பெர் சர்வ்’ என்று தனிப் பத்தி இருந்தால், அந்த ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் என்பதையும் பார்க்க வேண்டும். சில பிஸ்கெட்டில் அது ஒன்றரைப் பிஸ்கெட்டாக இருக்கும். அந்த அரைப் பிஸ்கெட்டை யார் எடுத்து வைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வளவும் லேபிள் உள்ள பொருளுக்கு. நம் ஊர் பேக்கரிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தேங்காய் பன்னுக்கும் கிரீம் கேக்குக்கும் வர்க்கிக்கும் பின்பக்கமே கிடையாது. அங்கே நான் கேட்பவை மூன்று: எப்போது சுட்டது, எந்தக் கொழுப்பில் செய்தது, நிறம் போட்டீர்களா. ‘ஃப்ரெஷ்’ என்று மட்டும் பதில் வந்தால் எந்த நாள் என்று திரும்பக் கேட்கலாம். அச்சமூட்டும் பெயர் ஒன்று பேக்கரிகளோடு சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு, பொட்டாசியம் புரோமேட். ரொட்டி மாவுக்கு வலுவூட்டப் போட்டுவந்த அதை 2016-இல் இந்தியா அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது, 924ஏ என்ற அதன் எண் இப்போது எந்த லேபிளிலும் இருக்கக் கூடாது. கிரீம் கேக்கின் மேல் உள்ள வெள்ளைக் கிரீம் பாலாடையா, தாவரக் கொழுப்பா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்துப் பங்குனி வெயில் நாளில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பாலாடைக் கிரீம் தளர்ந்து நீர்விட்டுச் சரியும். தாவரக் கொழுப்புக் கிரீம் பெரும்பாலும் பூப் பூவாக அப்படியே நிற்கும், நாக்கில் வைத்தால் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும்.